நூற்றுப் பத்து வோல்ட் குசினி

கெடாவில், சுங்கை லாலாங்கில் நாங்கள் வீடு வாங்கிக் குடிபோன அன்று பக்கத்து வீட்டிலிருந்து கணவனும் மனைவியுமாக இரண்டு பேர் வந்தார்கள். அக்கா கையில் ஒரு கேத்தல் நிறைய கோப்பியும் ஒரு தட்டு கேசரியும் இருந்தன. அவருக்குப் பின்னால் வந்த அண்ணன் கையில் இருந்தது கரண்ட் பார்க்கிற ஒரு டெஸ்ட் பென்.

"ஒரு அஞ்சு நிமிசம் தங்கச்சி. எல்லா பிளக் பாயிண்டையும் பாத்துட்டுப் போயிடறேன்" என்றார்.

நான்தான் வயர்மேனைக் கூப்பிட்டிருக்கிறேன் என்று என் கணவர் நினைத்துக்கொண்டார். அவர்தான் கூப்பிட்டிருப்பார் என்று நான் நினைத்தேன். அண்ணன் அதற்குள் ஹாலில் குனிந்து, அறைகளில் குனிந்து, குளியலறையில் சுடுதண்ணீர் ஹீட்டருக்கு முன்னால் நெடுநேரம் நின்று, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

"எர்த் நல்லா இருக்கு. நல்ல வீடாத்தான் வாங்கியிருக்கீங்க."

அந்த வீட்டைப் பற்றி எங்களுக்குக் கிடைத்த முதல் பாராட்டு அதுதான்.

"இவரு இப்படித்தான். கோப்பி ஆறிடும், குடிங்க" என்றார் அக்கா.

அந்தத் தாமான் குடியிருப்பில் அவர் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. 'பாதி கரண்ட் அண்ணன்' என்றால் முனையில் இருக்கும் ஒட்டுக்கடைக்காரர் முதல் எல்லாருக்கும் தெரியும். அந்தப் பெயர் அவர் வீட்டுச் சமையல்கட்டால், அந்தக் குசினியால், வந்தது. நாடு முழுக்க எல்லா வீட்டுக்கும் இருநூற்று நாற்பது வோல்ட் வருகிறது. அவர் வீட்டுக்கும் அப்படித்தான் வந்தது, ஆனால் குசினி வாசல் வரைக்கும்தான். வாசலை ஒட்டி, அரிசி டின் அளவுக்கு ஓர் இரும்புப் பெட்டி உட்கார்ந்திருக்கும். எப்போதும் மெல்ல ரீங்கரித்துக்கொண்டிருக்கும். வோல்ட்டைக் குறைக்கிற டிரான்ஸ்பார்மர் அது. அதைத் தாண்டி உள்ளே போகிற மின்சாரம் நூற்றுப் பத்துதான். நம் ஊர் மூன்று முள் பிளக்குக்கு அங்கே இடமே கிடையாது. சுவரில் தட்டையான இரண்டு கீறல்கள் மட்டும் இருக்கும். குளிர்சாதனப் பெட்டி நம் ஊர்ச் சாமான் என்பதால் அதற்குக் குசினிக்குள் அனுமதி இல்லை. ஹாலில், தொலைக்காட்சிக்குப் பக்கத்தில், விருந்தாளி மாதிரி நின்றது.

அண்ணன் கூலிமில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பராமரிக்கும் பிரிவில் வேலை பார்த்தார். அங்கே ஜப்பான்காரர்களும் அமெரிக்கர்களும் குடும்பத்தோடு வந்து சில காலம் இருந்துவிட்டுத் திரும்புவார்கள். திரும்பும்போது சொந்த ஊரிலிருந்து கொண்டுவந்த சாமான்களை மலிவாகத் தள்ளிவிட்டுப் போவார்கள். இங்கே அவை யாருக்கும் பயன்படாது. அண்ணனுக்குத்தான் பயன்படும்.

"ஜப்பான்ல நூறு. அமெரிக்காவுல நூத்திருவது. நான் நடுவுல நூத்திப்பத்து வச்சிருக்கேன். ரெண்டு நாட்டு சாமானும் சண்டையில்லாம ஓடும்" என்பார்.

ஜப்பான் சோற்றுப் பானையின் பொத்தான்களில் எல்லாம் ஜப்பான் எழுத்துகள். அக்கா அவற்றுக்குத் தானே பெயர் வைத்திருந்தார். "ஏணி மாதிரி இருக்கே, அது சோறு. கொடைக்குள்ள ஆளு நிக்கிற மாதிரி இருக்கே, அது கஞ்சி. இந்தப் பக்கம் இருக்கிறத மட்டும் தொடாத. அத அமுக்குனா நாளைக்குத்தான் சோறு வரும்." சோறு வெந்ததும் அந்தப் பானை ஒரு சின்னப் பாட்டுப் பாடும். அமெரிக்கக் கேத்தல்தான் சோம்பேறி. தண்ணீரை ஊற்றி வைத்துவிட்டு, பாசாருக்குப் போய் மீன் வாங்கிக்கொண்டு வந்துவிடலாம் என்பார் அக்கா.

அண்ணனுக்கு உலக நாடுகள் எல்லாம் வோல்ட்தான். தொலைக்காட்சியில் பந்து விளையாட்டு ஓடினால், எந்த அணி எவ்வளவு கோல் என்று பார்ப்பதற்கு முன் இருநூற்று முப்பதும் நூறும் மோதுகிறது என்று சொல்லிவிடுவார். பிரேசில் மேல் மட்டும் அவருக்குத் தீராத வருத்தம். "ஒரே நாடு. ஒரு ஊருல நூத்தி இருவத்தேழு, அடுத்த ஊருல இருநூத்தி இருவது. வீடு மாறிப் போற பொம்பளைங்க கதி என்னாவறது?"

அவர் எதைப் பார்த்தாலும் இரண்டு கேள்விதான் கேட்பார். "அடிச்சா எவ்வளவு, கட்டினா எவ்வளவு?" ஷாக் அடித்தால் எவ்வளவு அடிக்கும், பணமாகக் கட்டினால் எவ்வளவு கட்ட வேண்டும். இந்த இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் பிளக்கைச் சொருக வேண்டும் என்பது அவர் கட்சி. என் கணவர் ஹார்ட்வேர் கடையில் வேலை பார்த்தவர். மாலையில் இருவரும் வேலிக்கு இரண்டு பக்கமும் நின்று வாதாடுவார்கள்.

"அண்ணே, பாதி வோல்ட்டுன்னா அதே வேலைக்கு ரெண்டு மடங்கு கரண்ட் ஓடணும். அதுக்குத் தடிச்ச கம்பி வேணும். செம்பு என்ன வெல விக்குதுன்னு தெரியுமா?"

"தெரியும் தம்பி. அமெரிக்காக்காரன் செம்புல கட்டுறான். ஒத்துக்கிறேன். கம்பி மெலிசா இருந்தா சூடேறித் தீப்பிடிக்கும், அதையும் ஒத்துக்கிறேன். ஆனா தொட்டா? அவன் கைய உதறிட்டுப் போயிடுவான். நாம?"

"அங்கேயும் செத்தவன் இருக்கான் அண்ணே."

"இருக்கான். ஆனா கம்மிலா."

எதிராளியின் நியாயத்தையும் அவரே எடுத்துச் சொல்லிவிடுவதால் அவரோடு சண்டை வராது. ஆனால் எல்லாரும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. எதிர்வீட்டில் ஒரு பிள்ளையின் பிறந்தநாள். புல்தரையில், பிள்ளைகள் ஏறிக் குதிக்கிற காற்றடைத்த கோட்டை ஒன்றை வாடகைக்குக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். மழை தூற ஆரம்பித்ததும் அண்ணன் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் நடந்து போய், காற்றடிக்கும் மோட்டாரின் சுவிட்சை அணைத்துவிட்டார். பிள்ளைகள் இறங்குவதற்குள் கோட்டை சுருங்கி அவர்கள் மேலேயே விழுந்தது. உள்ளேயிருந்து கூச்சல். யாருக்கும் காயமில்லை. பாதிப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டேதான் வெளியே தவழ்ந்து வந்தார்கள். ஆனால் பிறந்தநாள்காரப் பையனின் அம்மா பல மாதங்கள் அண்ணனோடு பேசவில்லை.

"சொல்லிட்டு அணைச்சிருக்கலாம்லண்ணே?" என்று கேட்டேன்.

"சொன்னா யோசிப்பாங்க தங்கச்சி. யோசிக்கிற நேரமா அது?" என்றார். அந்த மோட்டாரின் பிளக்கை யாரும் திரும்பச் சொருகிவிடாதபடி கையிலேயே பிடித்திருந்தார். ஒரு பிறந்தநாள் விழாவுக்கு இவ்வளவு பயம் ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

புரிந்தது மாவு ஆட்டும்போதுதான்.

அக்காவின் தங்கை தமிழ்நாட்டுக்குப் போய் வந்தபோது மேசையில் வைக்கிற கிரைண்டர் ஒன்றை வாங்கிவந்து கொடுத்தார். இந்தியாவிலும் நம்மைப் போல முழு வோல்ட்தான். நூற்றுப் பத்தில் அந்தக் கல் அசையக்கூட அசையாது. அக்காவுக்கோ இட்லி இல்லாமல் முடியாது. ஹாலில் ஆட்டினால் தண்ணீர் சிந்தும், குளிர்சாதனப் பெட்டியும் தொலைக்காட்சியும் அங்கேதான் இருக்கின்றன என்று அண்ணன் விடவில்லை. அதனால் கிரைண்டர் எங்கள் வீட்டுக்கு வந்தது. ஒவ்வொரு சனிக்கிழமை காலையும் அக்கா ஊறவைத்த அரிசி உளுந்தோடு வருவார். கூடவே அண்ணனும் வருவார். முதலில் எங்கள் பிளக்கைச் சோதிப்பார். பிறகு அக்காவின் காலுக்கு ஜப்பான் சிலிப்பரை, அந்த ரப்பர் செருப்பை, எடுத்துப் போடுவார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, மடியில் காய்ந்த மரக்கட்டை ஒன்றை வைத்துக்கொண்டு உட்காருவார். அக்காவுக்கு ஷாக் அடித்தால் கையைத் தட்டிவிடுவதற்கு அந்தக் கட்டை.

"மாவு ஆட்ட வந்தேனா, ஜெயிலுக்கு வந்தேனான்னு தெரியல" என்று அக்கா என்னிடம் கண்ணைச் சிமிட்டுவார்.

ஒரு சனிக்கிழமை அண்ணனுக்குத் தொழிற்சாலையிலிருந்து போன் வந்தது. கட்டையை என் கையில் கொடுத்துவிட்டு வெளியே போனார். அப்போதுதான் கேட்டேன்.

"ஏன்க்கா அண்ணன் இவ்வளவு பயப்படுறாரு?"

அக்கா உளுந்தைத் தள்ளிவிட்டுக்கொண்டே சொன்னார். கல்யாணமான புதிதில் அவர்கள் பாடாங் மேஹாவில் தோட்டத்து வீட்டில் இருந்தார்கள். இஸ்திரிப் பெட்டியின் பிளக் உடைந்துபோக, அண்ணன்தான் புதிது மாட்டினார். பச்சைக் கம்பி, அதாவது கசிகிற கரண்டைத் தரைக்கு அனுப்புகிற எர்த் கம்பி, எட்டவில்லை. வெட்டி மடக்கிவிட்டு மற்ற இரண்டை மட்டும் பூட்டிக் கொடுத்தார். அப்போது எல்லா வீட்டிலும் அப்படித்தான் செய்தார்களாம். அவர் வேலைக்குப் போனபின், அக்கா தரையைத் துடைத்துவிட்டு ஈரம் காயுமுன் இஸ்திரி போட நின்றார்.

"கை ஒட்டிக்கிச்சு. விட முடியல. கத்தவும் முடியல. நல்ல வேளையா நான் விழுந்த வேகத்துல பிளக்கு செவத்திலேருந்து பிடுங்கிக்கிட்டு வந்துருச்சி. இந்தக் கை ரொம்ப நாளைக்கு மரத்துப்போயிக் கெடந்துச்சு." விரல்களை மடக்கி நீட்டிக் காட்டினார். "சட்டை எரிஞ்சு போச்சு. புது சட்டை. அதான் எனக்கு வருத்தம்."

"உங்களுக்குப் பயமா இல்லையாக்கா?"

"எனக்கு எதுக்குப் பயம்? விழுந்ததுதான் நானு. பயந்தது அவரு."

அண்ணன் திரும்பி வந்து கட்டையை வாங்கிக்கொண்டார். அதன்பின் அந்தக் கட்டையை என்னால் கேலியாகப் பார்க்க முடியவில்லை.

அந்த வருடம் தீபாவளிக்கு முன்னால் அவர்கள் குசினிச் சுவருக்குப் புது ஓடு பதித்தார்கள். தீபாவளி கழிந்து சில வாரங்கள் இருக்கும். மாவு ஆட்டும்போது அக்கா அடிக்கடி விரல் நுனிகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் தண்ணீர் குடிக்க எழுந்து போன நேரம் மெதுவாகச் சொன்னார்.

"கேத்தலத் தொட்டா எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. சோத்துப் பானையும் அப்படித்தான். முன்னாடி இல்ல. ஓடு பதிச்ச பெறகுதான்."

"அண்ணன்கிட்ட சொன்னீங்களா?"

"சொல்லாத. மனுசன் ஒடைஞ்சு போயிடுவாரு. அவரு கட்டிக் கொடுத்த குசினி அது."

"இனிமே எதையும் தொடாதீங்கக்கா. கேஸ் அடுப்புலயே எல்லாத்தையும் செய்ங்க" என்றேன். நாங்கள் சொல்லாமல் அது அண்ணனுக்குத் தானாகத் தெரியட்டும் என்று அன்று மாலையே இருவரும் சேர்ந்து ஒரு திட்டம் போட்டோம். சுங்கை பட்டாணியிலிருந்து எனக்குத் தெரிந்த வயர்மேன் பாயை, எங்கள் வாசல் விளக்கைப் பார்க்க என்று வரவழைத்தேன். வயர்மேன் ஒருவர் தாமானுக்குள் வந்தால் அண்ணன் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்க மாட்டார் என்று எங்களுக்குத் தெரியும்.

நினைத்தபடியே வந்து நின்றார். விளக்கு வேலை முடிந்ததும் நான், "பாய், அப்படியே அண்ணன் வீட்டுக் குசினியையும் ஒரு பார்வை பாத்துடுங்களேன்" என்றேன்.

அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. "வாங்க பாய். இந்த மாதிரி ஒரு குசினிய நீங்க கெடாவுல எங்கேயும் பாத்திருக்க மாட்டீங்க."

பாய் இரும்புப் பெட்டியைப் பார்த்தார். சுவரில் இருந்த கீறல்களைப் பார்த்தார். பிறகு டெஸ்ட் பென்னை எடுத்து, ஓடிக்கொண்டிருந்த கேத்தலின் உடம்பில் வைத்தார். பென்னுக்குள் சிவப்பு விளக்கு எரிந்தது.

"அது சும்மா எரியும் பாய். நூத்திப்பத்துதானே" என்றார் அண்ணன்.

பாய் மீட்டரை எடுத்தார். ஒரு முனையைச் சுவர்க் கீறலிலும் மறு முனையை ஹாலில் இருந்த பிளக்கின் எர்த் கம்பியிலும் வைத்தார். இருநூற்று நாற்பது. அடுத்த கீறலில் நூற்று முப்பது.

"உங்க மீட்டர் சரியில்ல" என்று அண்ணன் உள்ளே போய்த் தன் மீட்டரைக் கொண்டுவந்தார். தானே வைத்துப் பார்த்தார். அதே எண்கள்தான் வந்தன. இன்னொரு முறை வைத்தார்.

பாய் நல்ல மனிதர். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். "அண்ணே, தப்பு உங்களோடது இல்ல. ஓடு பதிச்சவன் இந்தப் பொட்டிக்குக் கரண்ட் குடுக்கிற செவத்து பிளக்கக் கழட்டி மாட்டும்போது ரெண்டு கம்பியையும் மாத்திப் போட்டுட்டான்."

"மாத்திப் போட்டாலும் பாதிதானே வரணும்?"

"ரெண்டு ஓட்டைக்கும் நடுவுல பாதிதான். அதனாலதான் சாமான் எல்லாம் ஒழுங்கா ஓடுது. ஆனா நம்மள அடிக்கிறது ஓட்டைக்கும் தரைக்கும் நடுவுல இருக்கிற கரண்ட். இந்தப் பொட்டிக்குள்ள ரெண்டு சுருள் தனித்தனியா இல்லண்ணே. ஒரே சுருள்ல நடுவுல ஒரு வால எடுத்து விட்டிருக்கான். கம்பி நேரா இருந்தா பாதி. மாறிட்டா முழுசும் அப்படியே உள்ள வந்துடும். பச்சைக் கம்பி எங்க வச்சிருக்கீங்க?"

அண்ணன் சுவரில் இருந்த இரண்டு கீறல்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்றாவது ஒன்று அங்கே இல்லை. எப்போதும் இருந்ததில்லை.

"ரெண்டாவது தடவையும் பச்சைக் கம்பிய விட்டுட்டேன்" என்றார்.

பாய்க்கு அது விளங்கவில்லை. எனக்கும் அக்காவுக்கும் விளங்கியது. அண்ணன் அந்தப் பெட்டியின் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். அக்கா பாயைப் பார்த்து, "மெயின அடைச்சிடுங்க பாய்" என்றார். ரீங்காரம் நின்றது. அந்தக் குசினி அவ்வளவு அமைதியாக இருந்து நான் கேட்டதில்லை.

அக்காவும் தரையில், அவர் எதிரில் உட்கார்ந்தார்.

"இத்தன வருசமா பாதி கரண்டுல ஆக்கிப் போட்டேனே, எதுக்குன்னு நெனச்சீங்க? எனக்குப் பயம்னா? நீங்க நிம்மதியா தூங்கணும்னுதான்."

அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். "கையில அடிச்சுச்சா?"

"எறும்பு கடிச்ச மாதிரிதான்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா இப்படி உக்காந்துடுவீங்கன்னுதான். உக்காந்தது போதும். எனக்கு முழு கரண்ட் வேணும். என் மாவ என் வீட்டுலயே ஆட்டணும்."

அண்ணன் சிரிக்கவில்லை. ஆனால் அக்கா நீட்டிய கையைப் பிடித்து எழுந்துகொண்டார்.

எழுந்தவர் உடனே சரி என்று சொல்லிவிடவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் அது அவராக இருந்திருக்காது. அடுத்த பல மாலைகள் வேலியோரம் இரண்டு பக்க நியாயமும் ஓடியது. சுருள் இரண்டும் தனித்தனியாக இருக்கிற நல்ல டிரான்ஸ்பார்மர் வாங்கினால் கம்பி மாறினாலும் பயமில்லை. ஆனால் அது இரண்டு ஆள் சேர்ந்து தூக்க வேண்டிய கனம், விலையும் அந்தக் கனம், சும்மா இருக்கும்போதும் சூடாகி மின்சாரக் கட்டணத்தை ஏற்றும். மறு பக்கம், எல்லாவற்றையும் கழற்றிவிட்டு முழு வோல்ட்டையே உள்ளே விடலாம். பச்சைக் கம்பியோடும், குசினிக்கென்று தனியாக ஒரு டிரிப் சுவிட்சோடும். துளி மின்சாரம் வழி தவறி மனித உடம்பு வழியாகத் தரைக்குப் போனாலும் கண் இமைப்பதற்குள் அணைந்துவிடுகிற சுவிட்ச் அது.

பாய்தான் போனில் அதை முடித்து வைத்தார். அண்ணன் எல்லாரும் கேட்கும்படி ஒலியைக் கூட்டி வைத்திருந்தார். "அண்ணே, அடிக்கிற வேகத்தக் கொறைக்கிறது ஒரு வழி. அடிக்கிற நேரத்தக் கொறைக்கிறது இன்னொரு வழி. ஜப்பான்காரன் மொத வழியில போனான். நம்ம ஊரு ரெண்டாவது வழியில போவுது. நம்ம ஊருல இருந்துகிட்டு அவன் வழியில போனாத்தான் செலவு."

அண்ணன் போனை வைத்துவிட்டு வெகுநேரம் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினார். பிறகு என் கணவரிடம், "தம்பி, செம்பு இப்ப என்ன வெல?" என்று கேட்டார். அதுதான் சம்மதம்.

குசினி மாறியது. இரும்புப் பெட்டியும் கேத்தலும் பழைய இரும்புக்காரரின் லாரியில் ஏறின. சோற்றுப் பானையை ஏற்றும்போது மட்டும் அக்கா அதைத் துணியால் துடைத்துக் கொடுத்தார். அதன்பின் புதுப் பானையில் சோறு வெந்தால், அந்தச் சின்னப் பாட்டை அக்காவே வாய்க்குள் பாடிக்கொள்வார். குளிர்சாதனப் பெட்டி ஒருவழியாகக் குசினிக்குள் குடிபோனது. கிரைண்டரும் எங்கள் வீட்டை விட்டுப் போனது. சனிக்கிழமை காலைகள் எனக்குக் கொஞ்சம் வெறிச்சோடிப் போயின. ஆனால் வேலிக்கு மேலாக ஒரு பாத்திரம் மாவு தவறாமல் வந்தது.

டிரிப் சுவிட்சில் ஒரு சின்னப் பொத்தான் உண்டு. மாதம் ஒருமுறை அமுக்கிப் பார்க்க வேண்டும், சுவிட்ச் விழுந்தால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம் என்று பாய் சொல்லியிருந்தார். முதல் மாதம் அண்ணன் அதன் முன்னால் போய் நின்றார். விரலை நீட்டினார், மடக்கினார்.

"அமுக்குங்கண்ணே" என்றேன்.

"அமுக்கி, விழலன்னா?"

அக்கா குசினியிலிருந்து வந்து, அவர் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி அமுக்கிவிட்டுத் திரும்பிப் போனார். டக்கென்று சுவிட்ச் விழுந்தது. அன்றிலிருந்து அந்த வேலை அக்காவுடையதானது.

நாங்கள் அலோர் ஸ்டாருக்கு மாறி வந்துவிட்டோம். ஆனாலும் அந்தப் பக்கம் போனால் அவர்கள் வீட்டில் பசியாறாமல் திரும்புவதில்லை. போன தடவை போயிருந்தபோது அண்ணனும் என் கணவரும் ஹாலில் பந்து விளையாட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆட்டம் முடியும் தறுவாய். பந்தை வைத்து ஒருவன் உதைக்கப் போகிறான். திடீரென்று திரை கறுத்தது. மேலே காற்றாடி வேகம் குறைந்து நின்றது. சுவிட்ச் ஏதாவது கெட்டுவிட்டதோ என்று நான் எழுந்தேன். பின்பக்கத்திலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"வேலை செய்யுதுங்க!"

பாய் தந்த சுவிட்ச் குசினிக்கு மட்டும்தான். முழு வீட்டுக்குமான பெரிய டிரிப் சுவிட்சின் பொத்தானையும் அக்கா இப்போது மாதாமாதம் அமுக்க ஆரம்பித்துவிட்டாராம்.

"ஏம்மா, கோல் போடப் போறான்மா! சீக்கிரம் போடு!" என்று அண்ணன் கத்தினார்.

"இருங்க, கை ஈரமா இருக்கு. தொடைச்சிட்டுப் போடுறேன்."

அண்ணன் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

"அவசரமில்ல" என்றார். "நல்லா தொடைச்சிட்டுப் போடு."